தாடையில் ஒளிந்திருக்கும் பல்வலி

வலிக்கிற இடத்தில்தான் நோய் இருக்கவேண்டும் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். காலில் முள் தைத்தால் காலில் வலிக்கிறது. விரலைச் சுட்டுக்கொண்டால் விரல் எரிகிறது. ஆகையால் பல் வலித்தால் குற்றவாளி பல்லே என்று விசாரணையின்றித் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். தண்டனையும் உடனே நிறைவேறிவிடுகிறது. பாவம், வாயிலேயே குடியிருந்தும் மேல்முறையீடு செய்துகொள்ளப் பல்லுக்கு ஒரு வாய் இல்லை!

நேயர் ஒருவர் தம் தமக்கையாரின் துன்பத்தை நமக்கு எழுதியிருக்கிறார். வலது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று ஒன்றைப் பிடுங்கினார்களாம். வலி நிற்கவில்லை. அடுத்ததையும் பிடுங்கினார்களாம். வலி மேல்வரிசைக்குக் குடிபோயிற்றாம். மூன்றாவது பல்லுக்கு நாள் குறித்திருக்கும் சமயத்தில், இன்னும் எத்தனை பற்களைக் காணிக்கை கொடுத்தால் இந்த வலி திருப்தியடையும் என்று அந்த அம்மாள் கேட்கிறாராம். எடுத்த பற்கள் சொத்தையானவையா அல்லவா என்பதைக் கடிதத்தைக்கொண்டு நாம் தீர்மானிக்க இயலாது. ஆனால் பல்லில் பிறவாத வலிக்காக நல்ல பற்கள் பலியாவது உலகெங்கும் வைத்தியர்கள் அறிந்த விஷயமே.

காதுக்கு முன்னால், கன்னத்து எலும்பிலிருந்து கீழ்த்தாடையின் மூலை வரையில் கனத்த தசை ஒன்று இறங்குகிறது. உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பற்களை இறுகக் கடித்துப் பாருங்கள். கைக்குக் கீழே ஓர் உருண்டை எழும்பும். மெல்லும் தசைகளில் அதுவே முதன்மையானது. மாஸெட்டர் என்று மேனாட்டு வைத்தியர் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்து கிடப்பது டெம்பொராலிஸ். தாடையின் உட்புறத்தில் பக்கத்துக்கு இரண்டாக டெரிகாய்ட் தசைகள் மறைந்திருக்கின்றன.

இத்தசைகளிடம் ஓய்வின்றி வேலை வாங்கினால் அவற்றின் நார்களிடையே முறுக்கிய கயிறுபோல் ஒரு பட்டை விறைத்துக்கொள்கிறது. அப்பட்டையில் பயறளவான ஓர் இடத்தை அழுத்தினால் மனிதர் துள்ளிவிடுவார். விந்தை என்னவெனில், அழுத்திய இடத்தோடு வலி நிற்பதில்லை. துப்பாக்கியின் விசையை இங்கே இழுக்கக் குண்டு எங்கோ சென்று பாய்வதுபோல், வலி தூரத்தில் தோன்றுகிறது. அதனாலேயே இதற்கு விசைப்புள்ளி என்ற பொருள்பட 'டிரிக்கர் பாயிண்ட்' என்று பெயர் வந்தது. மாஸெட்டரின் மேற்பகுதியில் புள்ளி இருந்தால் மேல் கடைவாய்ப் பற்கள் வலிக்கும். கீழ்ப்பகுதியில் இருந்தால் கீழ்ப் பற்கள் வலிக்கும். மூட்டருகே ஆழத்தில் இருந்தால் காது வலிக்கும், சிலருக்குக் காதில் இரைச்சலும் கேட்கும். டெம்பொராலிஸோ தலைவலியாகவும் மேற்பல் வலியாகவும் வேஷம் போடும்.

ஏன் இப்படி? பல்லின் உணர்ச்சியையும் மெல்லும் தசைகளின் உணர்ச்சியையும் மூளைக்குக் கொண்டுசெல்வது முகத்தின் ஐந்தாம் நரம்பு ஒன்றே. பல தெருக்களின் கடிதங்களும் ஒரே தபால் பையில் வந்து விழுந்தால், மேல்விலாசம் தெளிவாயில்லாத கடிதத்தைக் குமாஸ்தா தமக்குப் பழக்கமான தெருவுக்கு அனுப்பிவிடுவார் அல்லவா? மூளைத்தண்டிலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது.

இந்த மர்மத்தைச் சோதனை செய்து காட்டியவர்களுள் கெல்கிரன் என்னும் ஆங்கில வைத்தியர் ஒருவர். லண்டனில் 1938-ஆம் ஆண்டு அவர் தசைகளுக்குள் உப்புநீரைச் செலுத்தி, வலி ஊசி குத்திய இடத்தை விட்டு வேறிடத்தில் தோன்றுவதை வரைபடமாகவே குறித்துவைத்தார். பின்னர் அமெரிக்காவில் ஜானெட் டிராவெல் அம்மையார் (1901–1997) வாழ்நாள் முழுதும் இதே துறையில் உழைத்தார். ஜனாதிபதி கென்னடியின் முதுகுவலிக்குச் சிகிச்சை செய்து, 1961-இல் வெள்ளை மாளிகையின் வைத்தியரானவர் இவரே. அப்பதவியை ஏற்ற முதல் ஸ்திரீயும் இவரே. டேவிட் ஸைமன்ஸ் என்பவருடன் சேர்ந்து 1983-இல் இவர் வெளியிட்ட பெருநூலில், எந்தத் தசையின் வலி எந்தப் பல்லில் தோன்றும் என்பதற்குப் படங்கள் உள்ளன.

இதற்கிடையில் வேறொரு கட்சியும் வளர்ந்துவந்தது. 1934-இல் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது வைத்தியர், கடைவாய்ப் பற்கள் விழுந்தபின் தாடை அதிகமாக மூடி நரம்புகளை நெருக்குவதே இவ்வலிகளுக்குக் காரணம் என்றார். உடற்கூற்று அறிஞர்கள் அக்காரணம் பொருந்தாது என்று பிற்பாடு காட்டினார்கள். எனினும் கடிவாயைத் திருத்தினால் வலி தீரும் என்ற நம்பிக்கை பல பத்தாண்டுகள் ஓயவில்லை. எத்தனையோ பற்களை அராவித் தள்ளினார்கள். 1980-களில் தாடை மூட்டுக்குள் டெப்ளான் பூசிய செயற்கைத் தட்டுகளைப் பொருத்தும் வழக்கம் அமெரிக்காவில் பரவிற்று. தட்டுகள் தேய்ந்து உதிர்ந்த துகள்கள் நோயாளிகளின் எலும்பை அரித்துவிட்டன. 1990-இலும் 1991-இலும் அந்நாட்டுச் சர்க்கார் இலாகா எச்சரிக்கை செய்து அவற்றை விலக்கும்படி ஆயிற்று. வந்த வலியோ பெரும்பாலும் தானே தணியக்கூடியது. செய்த சிகிச்சையோ மீளாதது. விலையுயர்ந்த கருவியைக் கண்டால் கைகூப்பும் குணம் நமக்கு மட்டும் உரியதன்று என்பது இதிலிருந்து விளங்குகிறது. அதில் நாம் ஆறுதலடைய ஒன்றுமில்லை.

2023-இன் இறுதியில் 'பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னல்' என்னும் பத்திரிகையில், பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்த ஒரு குழுவினரின் முடிவு வெளிவந்தது. நாட்பட்ட தாடை வலிக்கு அவர்கள் உறுதியாகச் சிபாரிசு செய்தவற்றுள் கையால் விசைப்புள்ளிகளை அழுத்தித் தளர்த்துதல், தாடையை நிபுணர் கையால் அசைத்துப் பழக்குதல், மேற்பார்வையுடன் செய்யும் தேகாப்பியாசம், எண்ணத்தையும் நடத்தையையும் திருத்தும் மனப்பயிற்சி முதலியன உள்ளன. மீளாத மாறுதல்களை உண்டாக்கும் வாய்ப்பூட்டுகளை அறவே கூடாது என்றார்கள்.

விசைப்புள்ளித் தத்துவத்தை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள் என்று சொன்னால் அது உண்மையாகாது. ஆஸ்திரேலியாவில் க்விண்ட்னர், கோஹன் முதலிய வைத்தியர்கள் அது நிரூபணமாகாத கொள்கை என்று 2015-இல் விரிவாக எழுதினார்கள். ஒரே தசையை இரண்டு வைத்தியர் தடவிப் பார்த்து இரண்டு வேறிடங்களைச் சுட்டுவதும் உண்டு. நமது அபிப்பிராயம் இது: காரணத்தைப்பற்றிப் பண்டிதர்கள் வாதாடட்டும், கைச்சிகிச்சையால் பலருக்கு வலி குறைவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன, முறையாகச் செய்தால் கெடுதல் சொற்பம், பல்லும் போவதில்லை.

செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் பத்து நிமிஷம் வைத்துக்கொள்ளவேண்டும். பிறகு ஒருமுறை பல்லைக் கடித்துத் தசை எழும்பும் இடத்தைக் கண்டுகொண்டு, கடித்ததைத் தளர்த்திவிட வேண்டும். கடித்தபடியே அழுத்துவது வீண் வேலை. இரண்டு விரல்களின் நுனியால் தசைக்குக் குறுக்காக மெல்ல உருட்டிப் பார்த்தால் விறைத்த பட்டை தட்டுப்படும். அதில் எந்த இடத்தை அழுத்தும்போது, "ஆம், இதுவே நான் அனுபவிக்கும் வலி" என்று தோன்றுகிறதோ அங்கே விரலை நிறுத்தி, பொறுக்கக்கூடிய அளவில் அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரை அழுத்தியிருக்க வேண்டும். வலி தணியத் தணியத் தசை விரலுக்கு இளகிக்கொடுக்கும். பின்னர் வாயை நிதானமாகத் திறந்து சில விநாடி நிறுத்தி மூடவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சகிக்கும்படி அழுத்துவது வீரமாகலாம், வைத்தியமாகாது. மறுநாள் வீக்கந்தான் மிஞ்சும். தாடை மூலைக்குக் கீழே கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தில் கைவைக்கவே கூடாது.

கட்டைவிரலை வெளியிலும் ஆள்காட்டி விரலைக் கன்னத்தின் உட்புறத்திலுமாக வைத்துத் தசையைப் பிடித்துத் தளர்த்தும் முறையும் உண்டு. அது பயின்ற இயன்முறை வைத்தியர் கையுறை அணிந்து செய்யவேண்டியது. டெரிகாய்ட் தசைகளை வீட்டில் தேடி விரலை உள்ளே விடுவதை நாம் சிபாரிசு செய்யவில்லை.

கையால் தளர்த்தியதைப் பழக்கம் மீண்டும் முறுக்கிவிடலாம். வாய் மூடியிருக்கும்போது மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று, உதடு மூடியிருக்கையில் பல்வரிசைகளுக்கிடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இயற்கை. கணக்குப் பார்க்கையிலும், ஊசியில் நூல் கோக்கையிலும், கோபத்தை விழுங்கிக்கொண்டு மௌனமாயிருக்கையிலும் நாம் அறியாமலே பல்லைக் கடிக்கிறோம். குடும்பத்தில் யார் அதிகமாகக் கோபத்தை விழுங்கவேண்டியிருக்கிறது என்பதை நேயர்களே அறிவார்கள்.

எல்லாத் தாடைவலியும் தசைவலியன்று. குளிர்ந்த நீர் பட்டபின் நெடுநேரம் நீடிக்கும் வலி, ஈறு வீக்கம், காய்ச்சல் ஆகியவை பல் வைத்தியரைப் பார்க்கவேண்டிய அடையாளங்கள். சந்தேகமிருந்தால் அவர் பல்லை மரத்துப்போகச் செய்து பார்ப்பார். பல் மரத்தபின்னும் வலி மாறாதிருந்தால் அதன் பிறப்பிடம் வேறு. மாடிப்படி ஏறும்போது தாடை வலித்து, நின்றதும் குறைந்தால் இருதயத்தைச் சோதிக்கவேண்டும். ஓய்விலும் வலி நீடித்து வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் ஒரு கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஐம்பது வயது கடந்தவர்களுக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலியும், மெல்லும்போது தாடைவலியும், பார்வை மங்கலும் கண்டால் அன்றைய தினமே வைத்தியரிடம் செல்லவேண்டும். இரத்தக் குழாய் அழற்சியால் கண் போய்விடக்கூடும். பாக்கு மெல்லும் வழக்கமுடையவர்களுக்கு வாய் நாளுக்கு நாள் குறுகி, தம் விரல்கள் மூன்றை நெடுக்கில் நுழைக்க இயலாதபடி ஆனால், அது பெரும்பாலும் கன்னத்தின் உட்தோல் இறுகும் வேறு நோய். அதற்கு அழுத்திவிடுதல் பயன்படாது. பாக்கை அன்றே நிறுத்திவிட்டு வாயைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.