"பூனைன்னா அப்படித்தான் இருக்கும்"

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டீர்களே அக்கா, அதுதான் என் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் குஞ்சுகள் போயின. 21 நாள் இரை தண்ணீர் மறந்து அடைகாத்த கோழி, உங்கள் பூனையைக் கண்டதும் சிறகை விரித்துக்கொண்டு பாயும். ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் வந்து குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு போகும் பூனை. உங்கள் வாசலில் வந்து அழாத குறையாகச் சொன்னேன். "இனிமே பொழுதிருக்கவே உள்ள அடைச்சிடறேன்மா" என்றீர்கள். நம்பினேன். கோழி போட்ட முதல் முட்டையை உங்கள் பேரனுக்குக் கொடுத்தவள் நான். நம்பாமல் என்ன செய்வேன்?

அப்புறம் முயல். தன் வயிற்று முடியைத் தானே பிடுங்கி மெத்தை போட்டுக் குட்டி ஈன்றிருந்தது. கண் திறக்காத, உடம்பில் ஒரு முடிகூட இல்லாத குட்டிகள். கண் திறக்கவே பத்து நாள் ஆகும். அதுவரை இருக்க விட்டதா உங்கள் பூனை? கூண்டின் வலைக்குள் கையை விட்டு இழுத்திருக்கிறது. அந்தக் கூண்டை விற்றவர், "நாயே வந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித்தான் காசு வாங்கினார். அவர் அடித்துக் கொடுத்தது வெறும் கோழி வலை. கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும். பூனையின் கை உள்ளே வராமல் தடுக்காது. அதற்கு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வேண்டும். தெரிந்தே விற்றாரா? இனி யாரிடம் கேட்பது?

தாய் முயல் மேல் ஒரு காயம்கூட இல்லை. பயத்திலேயே செத்துப் போயிருக்கிறது, முயலுக்கு அப்படி நடக்கும் என்றார் கால்நடை மருத்துவர். ஆபத்து வந்தால் பின்னங்காலால் தரையைத் தட்டும். அன்று ராத்திரி எவ்வளவு நேரம் தட்டியதோ! ஆண் முயலுக்குச் சின்னக் கீறல்தான். "மஞ்சள் வைங்க, ஆறிடும்" என்றீர்கள். பூனையின் பல்லிலும் நகத்திலும் இருக்கிற கிருமி ரத்தத்தில் கலந்து அதையும் கொண்டுபோனது.

"முயல்தானே, வேற வாங்கிக்கோ" என்கிறது தெரு. என் மகள் வாரி எடுத்துப் புதைத்தாளே, அதற்குப் பதில் எது வாங்குவது?

பூனை மேல் எனக்குக் கோபம் இல்லை. "மருந்து வை" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதுவும் ஓர் உயிர் என்று வைக்கவில்லை. ஆனால் பால் ஊற்றி வளர்த்து, இருட்டியதும் தெருவில் விடுகிறவர் நீங்கள்தானே? கருத்தடை ஆபரேஷன் பாவம் என்று ஈற்றுக்கு ஈற்று குட்டிகளைத் தெருவுக்குத் தருகிறவரும் நீங்கள்தானே? அது பாவமென்றால் என் வீட்டில் நடந்ததற்கு என்ன பெயர்?

மறுபடியும் ஒரு கோழி அடையில் உட்கார்ந்திருக்கிறது. இருட்டினால் அதற்குக் கண் தெரியாது. இன்று ராத்திரி பூனையை உள்ளே அடைப்பீர்களா, மாட்டீர்களா? என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் அக்கா.