பறப்பதற்கு முன் ஒரு கணக்கு

பிள்ளை பைலட் ஆக வேண்டும் என்று வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு தொகையைத்தான் விசாரித்து வைத்திருக்கின்றன: பயிற்சிப் பள்ளி சொன்ன கட்டணம். கணக்கு பிசகுவது அங்கேதான். அந்தத் தொகை கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வரைக்குமானது. அதற்கு மேல் வேண்டிய தகுதிகளுக்கும், முதல் சம்பளம் வரும் வரை காத்திருக்கும் மாதங்களுக்கும் அதில் இடமில்லை.

லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி, விமானத்தின் முழுப் பொறுப்பையும் தானே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். மணிக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 30 லட்சம். ஆனால் பயிற்சி இடையில் நின்றால் கை பழக்கம் விட்டுப்போகும். பறந்த பாடத்தையே மறுபடி பறக்க வேண்டும். அப்படி 30 மணி கூடினால் இன்னொரு 4.5 லட்சம். இடைவெளிக்குக் காரணங்கள் பல. பார்வைத் தொலைவு 5 கிலோமீட்டருக்குக் குறைந்தால் பயிற்சி விமானங்கள் பொதுவாகத் தரையில்தான். உத்தரப் பிரதேசத்தில் டிசம்பர், ஜனவரி பனிமூட்டம். விதர்பாவில் ஜூன் முதல் பருவமழை. விமானம் பராமரிப்பில் நிற்கும் நாட்களும் உண்டு. பறக்காத நாளிலும் விடுதி வாடகை ஓடும், வட்டியும் ஓடும். 40 லட்சம் கடனுக்கு 11 சதவீதம் என்றால் ஒரு வருடத் தாமதத்தின் விலை வட்டி மட்டுமே 4.4 லட்சம். அதே கடனைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய்.

எனவே முதல் விதி, வரிசை. மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன் பள்ளிக்கு ஒரு ரூபாயும் கட்டக்கூடாது. அடுத்தது வானிலை, நேவிகேஷன், விதிமுறைகள் முதலிய எழுத்துத் தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். இவற்றை முடித்துவிட்டுப் பறக்கப் போகிறவருக்கு நடுவில் நிற்க வேண்டிய அவசியம் குறைவு.

இரண்டாவது விதி, ஒரு மணி நேரத்தை இரண்டு கணக்கில் சேர்ப்பது. மேகத்துக்குள்ளும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க அனுமதிக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு 40 மணி கருவிப் பயிற்சி தேவை. அதில் 20 மணி வரை சிமுலேட்டரிலேயே முடிக்கலாம். இரட்டை எஞ்சின் தகுதியையும் அந்த 200 மணிக்குள்ளேயே அடக்கிவிடலாம். 185 மணி ஒற்றை எஞ்சினிலும் 15 மணி இரட்டை எஞ்சினிலும் என்று பிரிப்பது பல பள்ளிகளின் வழக்கம். லைசென்ஸ் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர், விலை அதிகமான அந்த மணிகளைத் தனியாக வாங்க வேண்டிவரும்.

லைசென்ஸ் வந்த பிறகும் செலவு நிற்பதில்லை. லைசென்ஸின் ஆயுள் 2023ல் ஐந்து வருடத்திலிருந்து பத்தாக நீட்டிக்கப்பட்டது. ஆனால் மருத்துவச் சான்றிதழையும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். வேலையில்லாத பைலட்டுக்கு இது சொந்தப் பணம்.

இந்தக் காத்திருப்பில்தான் பலர் பதற்றத்தில் ஏர்பஸ் அல்லது போயிங் டைப் ரேட்டிங்கைக் கடன் மேல் கடன் வாங்கிச் செய்கிறார்கள். 2019ல் ஜெட் ஏர்வேஸும் 2023ல் கோ ஃபர்ஸ்ட்டும் நின்றுபோனபோது, அதே ரக விமானங்களில் நீண்ட அனுபவம் உள்ளவர்களே வேலை தேடி வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் புதியவருக்கு டைப் ரேட்டிங் மட்டும் கை கொடுக்காது. வேலை உறுதியான பிறகு அந்தச் செலவைச் செய்வதே விவேகம்.

இன்னொரு வழி, சொல்லிக்கொடுப்பது. முதல் படி உதவிப் பயிற்றுநர் ரேட்டிங்; மூத்த பயிற்றுநரின் மேற்பார்வையில்தான் பாடம் நடத்தலாம், மாணவரை முதன்முறையாகத் தனியே பறக்க அனுப்பும் முடிவு இவருடையதல்ல. அடுத்த படி முழுப் பயிற்றுநர். இதற்கும் செலவுண்டு. இடது இருக்கையில் பழகியவர் வலது இருக்கைக்கு மாற வேண்டும். கை விமானத்தை ஓட்ட, வாய் அதே நொடியில் பாடம் சொல்ல வேண்டும். பைலட்டுகள் 'பேட்டர்' என்று சொல்லும் இந்தக் கலை பறந்து பறந்துதான் வரும். சம்பளமும் விமான நிறுவனச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். விமானத்தின் கேப்டனாக வழி திறக்கும் ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட் லைசென்ஸுக்கு 1,500 மணி தேவை. 200க்கும் 1,500க்கும் இடையிலுள்ள 1,300 மணியை அதே 15,000 விலையில் வாங்கினால் 1.95 கோடி ரூபாய். பயிற்றுநருக்கோ ஒவ்வொரு மணியும் சம்பளத்தோடு வருகிறது; பொறுப்பு விமானியாகப் பறந்த நேரமாகவே பதிவாகிறது. மாதம் 50 மணி கிடைத்தால் 26 மாதத்தில் அந்த இடைவெளி நிரம்பிவிடும்.

வேலை கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் என்று பயிற்றுநர் பணியைப் பார்ப்பதும் தவறு. பயிற்றுநர்கள் பற்றாத பள்ளியில்தான் மாணவரின் 200 மணி வருடக்கணக்கில் இழுக்கும்; வேறொரு குடும்பத்தின் வட்டி அங்கே ஏறிக்கொண்டிருக்கும். பள்ளியில் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான்: பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள், எத்தனை பயிற்றுநர்கள், கடந்த வருடம் சேர்ந்தவர்கள் 200 மணியை முடிக்க எத்தனை மாதம் ஆனது? டி.ஜி.சி.ஏ. 2025 அக்டோபரில் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிட்ட முதல் பட்டியலில், மிக உயர்ந்த இரண்டு தரங்களும் ஒரு பள்ளிக்கும் கிடைக்கவில்லை.

ஆகவே பட்ஜெட் எழுதும் தாளில் மூன்று பத்திகள் வேண்டும்: லைசென்ஸ் வரை ஆகும் செலவு, கூடுதல் ரேட்டிங்குகள், குறைந்தது இரண்டு வருடக் காத்திருப்பு. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால், வீட்டுப் பத்திரம் இன்னும் கொஞ்ச நாள் பீரோவிலேயே இருக்கட்டும்.