பந்து யாருடையது?

மேல்சித்தாமூர் டீக்கடையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த வாலிபர் ஒருவர் கேட்டார்: "கால்பந்திலுமா வர்க்கப் பிரச்னை, தோழரே?"

நாம் அதைக் கொண்டுபோகவில்லை. முதலாளிகள் என்றோ கொண்டுபோய்விட்டார்கள்.

கல்கத்தாவின் மோகன் பகான் சங்கம் 1889-ல் பிறந்தது. 1911 ஜூலை 29 அன்று, ஏறக்குறைய எல்லோருமே வெறுங்காலுடன் ஆடிய அதன் வீரர்கள், ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைப் பட்டாள அணியை 2-1 கணக்கில் வீழ்த்திக் கேடயத்தைப் பறித்தார்கள். அடிமை தேசம் தலை நிமிர்ந்தது. அந்தப் பெயர் சாமானிய மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சொத்து.

2020-ல் அதன் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதப் பங்கு கோயங்கா குழுமத்திடம் போயிற்று. அந்தக் குழுமத்தின் பழைய அணியான 'ஏ.டி.கே.'யின் பெயரை மோகன் பகானுக்கு முன்னால் ஒட்டினார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள், கோஷமிட்டார்கள், ஓயாமல் போராடினார்கள். 2023-ல் அந்த மூன்றெழுத்து ஒழிந்தது. ஆனால், 'சூப்பர் ஜெயன்ட்' என்ற குழுமத்தின் முத்திரை பெயருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. பங்கோ அசையவில்லை!

"பணம் போடுகிறவன்தானே எஜமான்?" என்பார்கள். அந்த எஜமானத்தனத்தின் லட்சணத்தைப் பார்த்தோமே! 2010-ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் தன் வர்த்தக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸிடம் எழுதிக்கொடுத்தது. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. 2025-ல் ஒப்பந்தம் முடியும் தறுவாயில், வழக்கமாக செப்டம்பர் வாக்கில் தொடங்கும் லீக் அந்த ஆண்டு தொடங்கவேயில்லை. சில அணிகள் வீரர்களின் சம்பளத்தையே நிறுத்திவைத்தன. லாபக் கணக்கு இடித்தால் பட்டினி கிடப்பவன் ஆட்டக்காரன்தான்.

வேறு வழி இல்லையா? முதலாளித்துவ ஜெர்மனியிலேயே, சில விதிவிலக்குகள் போக, அணியின் ஓட்டில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. 2024 பிப்ரவரியில் அந்நாட்டு லீக் ஒரு மூலதனக் கம்பெனிக்கு வருமானத்தில் பங்கு தர முனைந்தபோது, ரசிகர்கள் மைதானத்தில் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். லீக் பின்வாங்கியது.

இது நமக்கு அந்நியமான தத்துவமல்ல. பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. அந்த ஓட்டைக் காப்பாற்றவும் போராட வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். ஓட்டு இருந்தால்தானே காப்பாற்ற முடியும்?

2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சம்மேளன நிர்வாகக் குழுக்களில் வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம் வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் டிக்கெட் வாங்கி அணியை வாழவைக்கும் ரசிகனுக்கு அதில் ஓட்டு எங்கே?

அணிகளில் ரசிகர்களுக்குப் பங்கு வேண்டும். நிர்வாகத்தில் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி வேண்டும். பெயரையும் நிறத்தையும் மைதானத்தையும் அவர்கள் சம்மதமின்றி மாற்றக் கூடாது. மோகன் பகான் ரசிகர்கள் பெயரை மீட்டார்கள். பங்கை மீட்கும் போராட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது!