குளம் வற்றினால் ஜிலேபி தோற்கும்

புதுக்கோட்டைப் பக்கத்து நார்த்தாமலையின் மொட்டைப் பாறைகளில் விழும் மழை அடிவாரக் குளங்களுக்கு இறங்குகிறது. கோடையில் அக்குளங்களில் பல தரை தெரிய வற்றிவிடும். இதைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் அந்நிய மீன்களை ஒடுக்க, வற்றாத ஏரிகளுக்கு வாய்க்காத வசதி இது. கலிபோர்னியாவின் டேவிஸ் ஏரியில் பைக் என்ற வேட்டை மீனை ஒழிக்க 1997இல் நஞ்சு கலந்தார்கள். இரண்டே ஆண்டில் அது மறுபடி தலைகாட்ட, 2007இல் திரும்பவும் நஞ்சு. புதுக்கோட்டைச் சீமையில் அந்த வேலையை வெயில் காசில்லாமல் செய்கிறது.

1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை, முட்டையை வாயில் அடைகாத்து ஆண்டுக்குப் பலமுறை பெருகும். நம் கெண்டைகள் பெரும்பாலும் புதுவெள்ளத்துக்குக் காத்திருப்பவை. தண்ணீர் நிற்கும்வரை ஜிலேபியின் கைதான் ஓங்கும். வற்றத் தொடங்கினால் கணக்கு மாறும். விராலும் குறவையும் பனையேறிக் கெண்டையும் காற்றைச் சுவாசித்து ஈரச் சேற்றில் தாக்குப்பிடிக்கும். ஜிலேபிக்கு அது முடியாது. இலுப்பூர், அன்னவாசல் பக்கம் கோடையில் ஊத்தாவும் கச்சாவுமாக ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா, யாரும் திட்டமிடாமலே நடக்கும் களையெடுப்பு.

பிறகு ஏன் ஜிலேபி ஒழியவில்லை? நாமே திரும்ப விடுகிறோம். மண் அள்ளிய ஆழக்குழிகளில் கோடையிலும் நீர் தங்கி மிச்ச மீனைக் காக்கிறது. மழைக்குப்பின் குத்தகைக்காரர் இறக்கும் குஞ்சுகளில் என்னென்ன கலந்திருக்கின்றன என்று யாரும் பார்ப்பதில்லை. ஏழைக்கு மலிவாகக் கிடைக்கும் மீனை விரட்டுவதா என்பார்கள். விரட்ட வேண்டாம், பிடித்துத் தின்னட்டும். விதைக்காமல் இருந்தால் போதும். கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து மீன்கள்தானே என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அவை தேங்கிய குளத்தில் தானாகப் பெருகுவதில்லை. குஞ்சு விடுவதை நிறுத்தினால் அவையும் நின்றுவிடும்.

உண்மையான சிக்கல் ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதுவும் காற்றைச் சுவாசிக்கும், சேற்றில் பிழைக்கும். வெயில் அதை வெல்லாது. மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே அதன் வளர்ப்புக்குத் தடை விதித்தும், 2019இல் பசுமைத் தீர்ப்பாயம் அழிக்கச் சொல்லி உத்தரவிட வேண்டியிருந்தது. பண்ணையிலிருந்து தப்பிக் குளத்துக்கு வந்தபின் அதைப் பிடிக்க முயல்வது காலம் கடந்த வேலை. ஆகவே காவல் இருக்கவேண்டிய இடம் கரையும் மதகும் அல்ல, குஞ்சு ஏற்றிய வண்டி வந்து நிற்கும் இடம். அங்கே ஒரு வெள்ளைத் தட்டில் நாலு கை குஞ்சை ஊற்றிப் பார்க்க, மீன்வளத் துறை ஊழியர் ஒருவரும் குஞ்சின் முகம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரும் போதும்.