“தானாகப் போகட்டும்” என்னும் தர்மம்

மந்தைவெளியில் என் சிநேகிதர் ஒருவர் வீட்டில், பதினைந்து வயதைத் தாண்டிய பொமரேனியன் நாய் ஒன்று, சிறுநீரகம் கெட்டு, பின்னங்கால்கள் தளர்ந்து, கூடத்து மூலையில் பழைய ஜமக்காளத்தின் மேல் கிடக்கிறது. சென்ற வாரம் நான் போயிருந்தபோது, சிநேகிதரின் மனைவி செல்போனைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, அதில் முகம் தெரிந்த கால்நடை டாக்டர் சொல்லச் சொல்ல, நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைக் காட்டுவதும், விரலால் அழுத்திவிட்டு வெளுத்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று கவனிப்பதும், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அதன் மூச்சை எண்ணுவதுமாக இருந்தார். அடுத்த போர்ஷனிலிருந்து ஹிந்து பேப்பரைத் திருப்பிக் கொடுக்க வந்த பெரியவர், பாங்கு உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர், இந்தக் காட்சியைச் சற்று நேரம் ரசித்துவிட்டு, “ஏம்மா, சாகப்போற நாய்க்கு வீடியோவிலே வைத்தியமா? தானாப் போகட்டும்னு விட்டுடுங்கோ. அதுதான் புண்ணியம்” என்று தீர்ப்புக் கூறினார். அந்த அம்மாள் “சரி மாமா” என்றார். டாக்டர் காதிலும் அது விழுந்திருக்கும். பிறர் வீட்டுக் கூடத்தில் வயோதிகரோடு சண்டை போடக் கூடாது என்று நானும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். இது என் வீட்டுக் கூடமல்லவாதலால், இங்கே போடுகிறேன்.

“தானாகப் போகட்டும்” என்பது அந்தப் பெரியவர் ஒருவருடைய அபிப்பிராயமன்று. மயிலை மாட வீதிகளிலும், தியாகராய நகர் அடுக்குமாடிகளிலும், அடையாறு காந்தி நகரிலும் நாய் வளர்ப்போர், வளர்க்காதோர் இரு சாராரும் ஒருமுகமாக ஒப்புக்கொண்ட சித்தாந்தம் இது. இயற்கையில் மனிதன் கைவைக்கலாகாதாம். எந்த இயற்கை? குளிர்தேசத்து ரோமத்தைப் போர்த்துக்கொண்டு பிறந்த பிராணியைச் சென்னை அக்கினி நட்சத்திரத்தில், நாலாவது மாடியில், ஏ.ஸி. அறையில் கட்டிப்போட்டு, தயிர்சாதமும் மாரி பிஸ்கோத்தும் போட்டு, வருஷந்தோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி குத்தி, பதினைந்து வருஷம் ஆயுளை இழுத்து வளர்த்த பிறகு, வலி வந்த மாத்திரத்தில் மட்டும் இயற்கையிடம் ஒப்படைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் இந்த வேதாந்தம் எந்த உபநிஷத்தில் இருக்கிறதோ, அறியேன்.

இவர்களுக்கெல்லாம் நான் ஒரு கன்றுக்குட்டியை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். 1928ஆம் வருஷம், சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று நோய்ப்பட்டுக் கிடந்தது. வைத்தியம் செய்தார்கள், பணிவிடை செய்தார்கள். இனிப் பிழைக்காது என்று வைத்தியரும் சொல்லிவிட்டார். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் புரட்டினாலே பிராண வேதனை. மகாத்மா காந்தி, ஆசிரமவாசிகளோடு ஆலோசித்து, டாக்டரை அழைத்து, விஷ ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது என்று அவரே பகிரங்கமாக எழுதினார். அஹிம்சையை உலகுக்கு உபதேசித்தவர், பசுவின் கன்றை, அதுவும் குஜராத்தில்! வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை, தீராத வேதனையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதே ஹிம்சை என்று வாதாடினார். காந்தியின் பெயரை வைத்த நகரில் குடியிருந்துகொண்டு, காந்தியின் கன்றைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்தாம் இன்று எனக்கு ஜீவகாருண்யம் போதிக்க வருகிறார்கள்.

அது போகட்டும். வீடியோவில் வைத்தியமா என்ற பரிகாசத்துக்கு வருகிறேன். இப்படிக் கேட்கிற மகானுபாவர்கள், 2020ல் ஊரடங்கு வந்தபோது சாஸ்திரிகளை மடிக்கணினித் திரையில் உட்கார வைத்து, அமாவாசைத் தர்ப்பணத்தை அவர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பூர்த்தி செய்தவர்கள், நியூஜெர்ஸியில் இருக்கிற பிள்ளை ஞாயிற்றுக்கிழமை காலையில் திரையில் வந்து “அப்பா, மாத்திரை சாப்பிட்டாயா?” என்று கேட்பதைப் பிதிர்பக்தி என்று நாலு பேரிடம் சொல்லிப் பூரிப்பவர்கள். பித்ருலோகத்துக்கே எட்டுகிற வீடியோ, மந்தைவெளிக் கூடத்து மூலைக்கு எட்டாதாம்!

“தொட்டுப் பார்க்காத வைத்தியம் வைத்தியமா?” என்று அடுத்த கேள்வி. சரி, தொட்டுப் பார்க்க அழைத்துக்கொண்டு போங்கள். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட லஸ்ஸைச் சுற்றி, நாயென்றதும் மீட்டரை மறந்து இரட்டைக் கூலி கேட்கிற ஆட்டோவில், இடுப்பெலும்பு தேய்ந்த கிழப் பிராணியை மடியில் வைத்துக்கொண்டு, வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய், டோக்கன் வாங்கி, குரைத்துக்கொண்டிருக்கும் அல்சேஷன்களுக்கு நடுவே காத்துக் கிடங்கள். அந்தக் கல்லூரியைப் பற்றி எனக்கு ஒரு குறையுமில்லை. 1903ல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்து இன்றுவரை எத்தனையோ தலைமுறை டாக்டர்களை உண்டாக்கிய ஸ்தாபனம். ரத்தம் பார்க்க, எக்ஸ்ரே எடுக்க, அறுவை செய்ய அங்கேதான் போக வேண்டும். ஆனால் வியாதி இன்னதென்று தெரிந்து, குணமாகாது என்றும் தெரிந்து, இருக்கிற நாட்களை வலியில்லாமல் கழிக்க வேண்டிய பிராணிக்கு, வாரந்தோறும் அந்த யாத்திரை எதற்கு?

மேலும், ஆஸ்பத்திரி மேஜைமேல் ஏற்றிய நாய் பயத்தில் விறைத்து நிற்கும். அதன் நொண்டல்கூடச் சில சமயம் மறைந்துவிடும். வீட்டில் எடுத்த வீடியோவில் அப்படியில்லை. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும்போது வழவழப்பான டைல்ஸில் அதன் பின்னங்கால் சறுக்கியதை டாக்டர் பார்த்தார். பார்த்தவுடன் வழியெல்லாம் ரப்பர் பாய் விரிக்கச் சொன்னார். ராத்திரி முழுவதும் அலைகிறதா, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதா என்று கேட்டார். மனிதர்களுக்குப் போலவே நாய்க்கும் கிழவயதில் புத்தி தடுமாறுவதுண்டு. படுக்கைப்புண் வராமலிருக்கச் சில மணிக்கொரு தரம் புரட்டிப் போடுவதும், தோலுக்கடியில் ஸலைன் ஏற்றுவதும் எப்படியென்று கற்பித்தார். தூங்கும்போது நிமிஷத்துக்கு முப்பது மூச்சுக்கு மேல் போனால் உடனே சொல்லச் சொன்னார். இத்தனையும் அந்தப் பெரியவர் கண்ணெதிரிலேதான் நடந்தது.

இதில் உயர்ந்த விஷயமென்று நான் கருதுவது வேறு. ஆலிஸ் வில்லலோபோஸ் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004ல் ஓர் அளவுகோல் வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது, ஆக ஏழு. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 35க்கு மேலிருந்தால் மேற்கொண்டு பராமரிக்கலாம். அந்த அம்மாள் இதற்கென்று தினசரிக் காலண்டரில், ராகுகாலத்துக்குப் பக்கத்தில், நல்ல நாளுக்கு நீல மையிலும் கெட்ட நாளுக்குச் சிவப்பு மையிலும் கோடு போட்டு வருகிறார். ஐப்பசி பிறந்ததிலிருந்து சிவப்பே கூடிவருகிறது. “தானாகப் போகட்டும்” என்பவர்களுக்கு இந்தக் காலண்டர் வேண்டாம். பார்த்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். சபர்மதிக் கன்றை அப்படியே விட்டிருந்தால் அதுவும் தானாகத்தான் போயிருக்கும், நாலைந்து நாள் கதறிவிட்டு.

சட்டம் என்ன சொல்கிறதென்று கேட்பீர்கள். நம் அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்ய சபையில் தனி அங்கத்தினராக ஒரு மசோதாவைக் கொண்டுவந்து விடாப்பிடியாகப் போராடியதன் பலனாகவே 1960ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962ல் அமைந்த பிராணி நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. மாமிசம் தொடாத அந்த அம்மையார் வித்திட்ட அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஒரு பிராணியை உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகிற நிலைமை உண்டென்று ஒப்புக்கொள்கிறது. காந்தியின் கன்று ஒரு பக்கம், ருக்மிணி தேவியின் சட்டம் மறு பக்கம். நடுவில் நம் ஓய்வுபெற்ற பாங்கு உத்தியோகஸ்தரின் புண்ணியக் கணக்கு.

இந்தப் புண்ணியவான்கள் சும்மா இருப்பதோடு நிற்பதுமில்லை. டாக்டரைக் கேட்காமல் முனை மருந்துக் கடையில் தமக்கு வாங்குகிற வலி மாத்திரையையே பாதி உடைத்து நாய்க்கும் கொடுத்து, அதன் வயிற்றைப் புண்ணாக்குவார்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம் என்பது எத்தனை வீட்டில் தெரியும்? மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்னும் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளை ஏறக்குறைய வம்சத்தோடு அழித்து, 2006ல் கால்நடை உபயோகத்துக்குத் தடை செய்யப்பட்ட தேசம் இது. இன்னொரு பக்கம் அடுக்குமாடிச் சங்கங்கள்: நடக்க முடியாத நாயை லிப்டில் ஏற்றக் கூடாதென்று அறிவிப்புப் பலகை மாட்டுகிறார்கள். லிப்டைத் தடுக்கச் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்று பிராணி நல வாரியம் 2015லேயே எழுதியாகிவிட்டது, செயலாளர்கள் படித்தால்தானே! நாலு மாடி படியிறங்கச் சொல்வதும் இயற்கை வைத்தியத்தில் சேர்த்தி போலும்.

கடைசி ஊசியை மட்டும் வீடியோவில் போட முடியாது. அதற்கு டாக்டர் நேரில் வர வேண்டும். முதலில் தூங்கச் செய்து, பிறகு ரத்தக் குழாயில் மிகையளவு மயக்க மருந்து செலுத்துவார். பழகிய ஜமக்காளத்திலேயே, வீட்டாரின் கை மேலேயிருக்க, சில நிமிஷங்களில் முடிந்துவிடும். வருவதா, எந்த நாள் வருவது என்பதையெல்லாம் முன்னமே திரையில் பேசித் தீர்மானித்து வைத்திருந்தால், நடுராத்திரியில் வலிப்பு வந்தபின் யாரைக் கூப்பிடுவதென்று தெருவில் ஓட வேண்டியதில்லை.

ஆகவே, கிழட்டு நாயோ பூனையோ வீட்டில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், இன்று ராத்திரி அது தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். முப்பதைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுங்கள். நேரில் முடியாவிட்டால் போனில். அடுத்த வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள்.