கை போனால் எத்தனை சதவிகிதம்?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் காலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாலையைப் பார்க்க வேண்டும். வரிசையாகக் கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், நடுவே நைட் ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு டூ வீலரில் திரும்பும் இளைஞர்கள். இங்கே விபத்தில் சிக்கியவருக்கு டாக்டருக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுபவர், இழப்பீட்டு வழக்கு நடத்தும் வக்கீல்.

லாரி டிரைவர் மீதுதான் தப்பு என்று நிரூபிப்பது அவருடைய வேலையில் பாதிதான். அடிபட்ட கை அதுவரை என்ன வேலை செய்தது என்பதைத் தீர்ப்பாயத்துக்குப் புரியவைப்பது மீதிப் பாதி. இழப்பீடு கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஓர் உதாரணக் கணக்கு. வயது 24, மாதச் சம்பளம் 15,000 ரூபாய். வருடத்துக்கு 1,80,000. எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவிகிதம் சேர்த்தால் 2,52,000. அந்த வயதுக்கான பெருக்கல் எண் 18. மொத்தம் 45,36,000 ரூபாய். இதில் சம்பாதிக்கும் திறன் 20 சதவிகிதம் போனது என்று முடிவானால் வருமான இழப்புக்குக் கிடைப்பது 9,07,200 ரூபாய். 60 சதவிகிதம் என்றால் 27,21,600. காயம் ஒன்றுதான்.

'டாக்டர் சர்ட்டிஃபிகேட்டில் 20 தானே இருக்கிறது' என்று இன்ஷூரன்ஸ் தரப்பு வாதாடும். ஊனத்தின் சதவிகிதம் வேறு, வருமான இழப்பின் சதவிகிதம் வேறு என்று 2010-ல் ராஜ்குமார் - அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இடது கையை இழந்தவர் டிரைவரோ தச்சரோ என்றால், இழப்பு கிட்டத்தட்ட 100 சதவிகிதம். அவரே அரசு கிளார்க் என்றால், வேலை போகாமலே இருக்கலாம். அசெம்ப்ளி லைனில் நிற்பவருக்கு விரல்தானே மூலதனம்!

ஆனால், காண்ட்ராக்ட் தொழிலாளி பலரிடம் சம்பளச் சீட்டுகூட இருக்காது. அதனால் சம்பளம் ஏறிய பேங்க் பாஸ்புக், பி.எஃப்., இ.எஸ்.ஐ. விவரம், ஐ.டி. கார்டு, எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். எந்த மெஷினில், என்ன வேலை பார்த்தார் என்பதை வக்கீலிடம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இத்தகைய வக்கீல்கள், ஜெயித்தால் இழப்பீட்டில் இத்தனை பங்கு என்று பேசிக்கொள்வது சகஜம். இந்தியாவில் பார் கவுன்சில் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே கமிஷன் பேசும் புரோக்கர் நீட்டும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது, 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத் திருத்தம். திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரகடத்தில் வேலை பார்த்தவர், சிகிச்சைக்குப் பிறகு ஊருக்கே திரும்பிவிட்டாலும் கவலையில்லை. வசிக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.