முதலில் வானம் தோண்டுவோம்

வீட்டுக்கு அடித்தளப் பள்ளம் எடுப்பதைத் தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் 'வானம் தோண்டுவது' என்பார்கள். மண்ணுக்குள் இறங்கும் குழிக்கு வானம் என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. கட்டடக்கலை பயிலும் மாணவர் சிலரிடம் அண்மையில் இந்தச் சொல்லைச் சொன்னபோது, அவர்கள் அதை ஏதோ புதுக்கவிதையின் படிமம் என்றே எடுத்துக்கொண்டனர். சிரித்துவிட்டு வந்துவிட்டோம். ஆனால் அந்தச் சிரிப்பு வீடுவரை நிலைக்கவில்லை. ஐந்தாண்டுகள் கட்டடம் பற்றிப் படிக்கிறவர்களுக்கும் அன்றாடம் கட்டடம் எழுப்புகிறவர்களுக்கும் இடையே ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லையென்றால், அது நகைப்புக்குரிய செய்தியாகுமா?

இலக்கியப் பக்கத்தில் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். 1980களில் தொடங்கி நமது சிற்றிதழ்களில் அமைப்பியல் குறித்து எவ்வளவு விவாதித்திருக்கிறோம்! அமைப்பு, கட்டமைப்பு, கட்டுடைப்பு என்று கட்டடத் தொழிலின் சொற்களை வைத்துக்கொண்டே பிரதிகளைப் பேசினோம். ஆனால் தலைக்கு மேலிருக்கும் தளம் ஏன் விழாமல் நிற்கிறது என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை. ஆகவே இந்தக் குறை மாணவர்களுடையது மட்டுமல்ல.

எமது கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கட்டடக்கலை மாணவனுக்கு முதலாண்டில் வடிவத்தை அல்ல, பொருளைக் கற்றுத்தர வேண்டும். அதையும் வேலைத்தளத்தில், கொத்தனாரின் மொழியில், கையில் கரண்டியைக் கொடுத்துக் கற்றுத்தர வேண்டும்.

பொருள் வடிவத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு நமது கோயில் மண்டபங்களே சான்று. கருங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இரு தூண்களின் மேல் கிடத்திய கல் உத்திரம் பாரத்தால் வளையும்போது அதன் மேற்பகுதி நெருக்கப்படுகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. அந்த இழுப்பில்தான் கல் விரிசல் விடும். எனவே தூண்களை நெருக்கி வைத்தார்கள். தூணின் உச்சியில் போதிகையை நீட்டி, உத்திரம் கடக்கவேண்டிய தூரத்தை மேலும் குறைத்தார்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் நாம் காணும் தூண்களின் அணிவகுப்பு அழகுணர்ச்சியால் மட்டும் விளைந்ததன்று. கல்லின் பலவீனத்தை அறிந்தவர்கள் அதனோடு செய்துகொண்ட உடன்படிக்கை அது. போதிகையின் பூமொட்டைப் பார்த்து வியக்கிறோம். அது சுமக்கும் கணக்கையும் அறிந்தால் வியப்பு இரு மடங்காகாதா?

அடுத்து சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீரூற்றினால் அது கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துப் பூசினால், காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மறுபடியும் கல்லாகும். கல் நீறாகி மீண்டும் கல்லாகும் இந்தச் சுழற்சியைத்தான் பல தலைமுறைக் கொத்தனார்கள் கையால் அறிந்திருந்தார்கள். பழைய சென்னை வீடுகளின் 'மெட்ராஸ் டெரஸ்' கூரையை நினைத்துப் பாருங்கள். மரச்சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக, குறுக்குச் சாய்வில் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துப் பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். அப்படித் தட்டத் தெரிந்த கைகள் இன்று அரிதாகிவிட்டன.

சிமெண்டின் குணம் வேறு. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். சுண்ணாம்பு காற்றால் இறுகுகிறது. சிமெண்ட் நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. இங்கே நமது பேச்சுமொழியே நம்மை ஏமாற்றுகிறது. 'கான்கிரீட் காய்ந்துவிட்டதா?' என்று கேட்கிறோம். கான்கிரீட் காய்வதில்லை; காயவும் கூடாது. காய்ந்தால் வினை நின்றுவிடும், வலிமை பாதியில் தங்கிவிடும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்களாவது ஈரம் காக்க வேண்டும் என்று இந்தியத் தரவிதி சொல்வது இதனால்தான். ஒரு தவறான வினைச்சொல் ஒரு தளத்தைப் பலவீனமாக்கக்கூடும் என்பதை இலக்கிய வாசகர்களைவிட யார் விரைவாகப் புரிந்துகொள்வார்கள்?

கான்கிரீட்டும் கல்லைப் போலவே இழுப்பைத் தாங்காது. ஆகவே இழுபடும் இடத்தில் இரும்புக் கம்பியை வைக்கிறோம். வெப்பத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு விரிவதால் இந்த உறவு நீடிக்கிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல காற்றின் கரியமிலவாயு உள்ளே புகுந்து அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்டுக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. சுண்ணாம்பைக் கல்லாக்கிய அதே வாயு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் காவலை நீக்குகிறது. கடலோர ஊர்களில் கூரைக்காரை பெயர்ந்து விழுவதன் பின்னே இருக்கும் கதை பெரும்பாலும் இதுவே.

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் வீட்டு வேலைக்குச் சென்றிருந்தோம். உடன் ஒரு மாணவியும் வந்திருந்தார். கணினியில் மிக அழகான முகப்புகளை வரையக்கூடியவர். ஜன்னலுக்கு மேல் நீளும் சன்ஷேடுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். 'தளத்தில் கம்பியை அடியில் வைத்தீர்கள், இங்கே மட்டும் ஏன் மேலே வைக்கிறீர்கள்?' என்று அவர் கேட்டார். மூத்த கொத்தனார் தம் கையை நீட்டி, முன்னங்கையின் மேற்புறத்தைத் தொட்டுக் காட்டினார். 'கைய நீட்டிக்கிட்டு ஒரு வாளிய மாட்டிப் பாரு பாப்பா. எங்க இழுக்குதுன்னு கையே சொல்லும். அங்கதான் கம்பி வரணும். கான்கிரீட் போடும்போது எவனாவது அத மிதிச்சுக் கீழ அமுக்கிட்டான்னா, பலகை பிரிச்ச அன்னிக்கே வந்துரும்.' அந்தப் பெண் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். நாங்களும்தான். அவர் தேர்வில் இந்தக் கணக்கை எழுதி மதிப்பெண் பெற்றிருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கணக்கு தெரிந்திருந்தது, அது கையில் இறங்கியிருக்கவில்லை.

மென்பொருள்தான் எல்லாவற்றையும் கணக்கிடுகிறதே என்பார்கள் சிலர். மென்பொருள் நாம் கொடுத்ததைக் கணக்கிடும். மண் எப்படிப்பட்டது, கலவையில் எத்தனை குடம் நீர் கூடுதலாக ஊற்றப்பட்டது, கம்பி மிதிபட்டதா என்பதையெல்லாம் அது பார்க்காது. இன்னும் சிலர், இதெல்லாம் பொறியாளரின் பொறுப்பு, கட்டடக்கலைஞருக்கு ஏன் என்பார்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டுமானத்திலிருந்த 11 மாடிக் கட்டடம் மழைநாளொன்றில் சரிந்தது. 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் கூலித் தொழிலாளர். பொறுப்பைத் துறைதுறையாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். சரியும்போது கட்டடம் அந்தப் பிரிவினையைப் பார்ப்பதில்லை. வரைகிறவர், கணக்கிடுகிறவர், கட்டுகிறவர் மூவருக்கும் ஒரே மொழி இருந்தால், தவறைக் காண்கிற கண்களும் மூன்று மடங்காகும்.

பழமைக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று யாரும் கருதவேண்டாம். எல்லோரும் சுண்ணாம்புக்குத் திரும்புவது நடக்கிற காரியமன்று. அது கேட்கும் காலத்தையும் உழைப்பையும் இன்றைய கூலிக் கணக்கு தாங்காது. நாம் கேட்பது தேர்ந்தெடுக்கும் அறிவை. பர்மிங்காமில் பயின்ற லாரி பேக்கர் (1917–2007) இமயமலையின் பித்தோராகட்டில் உள்ளூர்க்காரர்கள் வீடு கட்டுவதைப் பார்த்துத் தம் கல்வியை மறுபடி தொடங்கினார். பின்னர் கேரளத்தில் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டைப் பரவலாக்கினார். ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சம். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். ஒரு செங்கல்லை எப்படி நிறுத்துவது என்று யோசித்ததன் பலன் அது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், சாந்து, போதிகை, பாவுகல் என நீளும் கொத்தனார் சொற்களை உங்கள் ஊரில் கேட்டு எழுதிவையுங்கள். பொருளோடும் பயனோடும் எழுதுங்கள். சொல் போனால் அதற்குள் இருந்த அறிவும் போகும். கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களை ஒரு பருவமாவது வேலைத்தளத்துக்கு அனுப்பட்டும். கொத்தனார் ஒருவரை ஆசிரியர் என்றே அழைத்து, ஆசிரியருக்குரிய ஊதியத்தையும் கொடுக்கட்டும். கோபுரம் வரைவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வானம் தோண்டக் கற்போம்.